சிஸ்வே பான்சி பொய் சொன்னாரா?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், 'தி ஸ்பேஸ்' என்ற சிறிய அரங்கில் 1972 அக்டோபர் 8ஆம் தேதி ஒரு நாடகம் முதன்முதலாக மேடையேறியது. அத்தோல் ஃபூகார்ட் என்ற வெள்ளை இன நாடக ஆசிரியரும், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா என்ற இரு கறுப்பின நடிகர்களும் சேர்ந்து உருவாக்கிய 'சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்' என்ற நாடகம் அது. வேலை தேடிப் போர்ட் எலிசபெத் நகருக்கு வந்த ஒருவரின் அடையாளப் புத்தகத்தில், மூன்று நாளில் ஊரைக் காலிசெய்ய வேண்டும் என்று முத்திரை விழுந்திருக்கிறது. கெடு முடிந்தும் அவர் போகவில்லை. ஓரிரவு மதுக்கடையிலிருந்து திரும்பும் வழியில் அவரும் அவருடைய நண்பரும், கத்திக்குத்துப்பட்டு இறந்துகிடக்கும் ஒருவரைக் காண்கிறார்கள். அந்த மனிதரின் புத்தகத்தில் வேலை தேடுவதற்கான அனுமதி இருக்கிறது. இரண்டு புத்தகங்களிலும் உள்ள புகைப்படங்களை மாற்றி ஒட்டிவிட்டால் போதும். சிஸ்வே பான்சி ஆவணப்படி இறந்துபோவார். ராபர்ட் ஸ்வெலின்சிமா என்ற பெயரில் உயிரோடு வேலைக்குப் போவார். மாற்றி ஒட்டுகிறார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் நடிக்கப்படும் இந்த நாடகத்தை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். வயிற்றுக்காகத் தன் பெயரையே விற்க நேர்ந்த மனிதனின் துயரம் இது என்கிறது ஒரு தரப்பு. அநியாயமான சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவியவரின் வெற்றி என்கிறது மறுதரப்பு. இரண்டும் முழுமையாக இல்லை என்பதே என் கருத்து. இரண்டுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: மனிதனுக்கு அசலான அடையாளம் ஒன்று முதலிலேயே கைவசம் இருந்தது, அதை அவர் இழந்தார் அல்லது மறைத்தார் என்பது. நாடகம் அந்த அனுமானத்தையே கேள்விக்கு உட்படுத்துகிறது. ஒருவர் அசலா போலியா என்று கேட்கும் முன், அதைச் சரிபார்க்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அந்த அதிகாரம் தான் உண்மையாக இருந்ததா என்று கேட்கச் சொல்கிறது. அப்படிக் கேட்டால் போலி ஆவணம் தயாரித்த முதல் குற்றவாளி அந்த அரசு என்று தெரியவரும்.

சட்டங்களைப் பார்த்தால் இது விளங்கும். 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நாட்டில் உள்ள ஒவ்வொருவரையும் ஓர் இனப் பெட்டிக்குள் போட்டது. எந்தப் பெட்டி என்று சந்தேகம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்த அதிகாரிகள் இருந்தார்கள். ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் வெவ்வேறு இனங்களாகப் பதிவான சம்பவங்கள் உண்டு. 1952இல் வந்த சட்டம் பழைய அனுமதிச் சீட்டுகளை ஒழிப்பதாகத் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. நடைமுறையில் 16 வயது நிறைந்த ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய ஒரே புத்தகமாக அவற்றைத் திரட்டிக் கொடுத்தது. நகரத்தில் தங்கும் உரிமை யாருக்கு என்பதை வேறொரு சட்டத்தின் பத்தாவது பிரிவு தீர்மானித்தது. அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 10 ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும். அல்லது சட்டப்படி 15 ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தனி அனுமதி பெறாத மற்றவர்களுக்கு 72 மணி நேரம்தான். 1970இல் இன்னொரு சட்டம் கறுப்பின மக்கள் எல்லோரையும் ஏதாவதொரு 'தாயகப் பகுதி'யின் குடிமக்களாக எழுதிவைத்தது. பிறந்த மண்ணில் நின்றபடியே ஒருவர் அயலாராகிவிடும் ஏற்பாடு அது.

இந்தச் சூழலில் சிஸ்வே பான்சியின் 'அசல்' புத்தகத்தில் என்ன உண்மை இருந்தது? பெயர் சரி, எண் சரி, கைரேகை சரி. ஆனால் அந்தப் புத்தகம் அவரைப் பற்றிச் சொன்ன முக்கியமான செய்தி, இவருடைய இடம் கிங் வில்லியம்ஸ் டவுன் என்பதுதான். அந்த இடத்தில் அவருக்கு வேலை கிடையாது. அங்கே மனைவி நோவெட்டுவும் நான்கு பிள்ளைகளும் அவர் அனுப்பப்போகும் பணத்தை நம்பி இருக்கிறார்கள். அவர் உழைக்கக் கூடியவர், உழைக்க விரும்புகிறவர், உழைத்துத்தான் ஆக வேண்டியவர் என்பது ஒரு பக்கத்திலும் இல்லை. ஓர் ஆவணத்தின் ஒவ்வொரு வரியும் அதிகாரபூர்வமாக இருக்கலாம். அந்த வரிகள் சேர்ந்து உருவாக்கும் மனிதச் சித்திரம் பொய்யாக இருக்கலாம். மாற்றி ஒட்டிய இரண்டாவது புத்தகத்தில் பெயரும் எண்ணும் பொய். இவர் இந்த நகரத்தில் வேலை தேடும் தகுதியுள்ளவர் என்ற வாசகம் மட்டும் மெய். இரண்டு புத்தகங்களில் எது அந்த மனிதருக்கு நெருக்கமானது என்ற கேள்விக்கு, போலீஸ்காரரின் பதிலும் நோவெட்டுவின் பதிலும் ஒன்றாக இருக்க முடியாது.

இது மேடைக்காகச் சோடித்த முரண் என்று யாரும் எண்ண வேண்டாம். இதை நடித்த இருவரின் புத்தகங்களே இதற்குச் சாட்சி. கறுப்பின மனிதருக்கு நடிகர் என்றொரு தொழில் இருக்க முடியும் என்பதை அந்த நாட்டின் நிர்வாகம் ஏற்கவில்லை. ஆகவே கானியும் இன்ட்ஷோனாவும் ஃபூகார்டின் வீட்டு வேலையாட்கள் என்று பதிவு செய்யப்பட்டார்கள். இதே இருவர் இந்த நாடகத்தை லண்டனிலும் நியூயார்க்கிலும் நடித்தார்கள். 1975இல் அமெரிக்க மேடையின் உயரிய கௌரவமான டோனி விருதை, சிறந்த நடிகருக்காக இருவரும் சேர்ந்து பெற்றார்கள். உலகமே நடிகர்கள் என்று அறிந்தவர்களை அவர்களுடைய சொந்த நாட்டின் முத்திரை வீட்டு வேலைக்காரர்கள் என்றது. அந்த முத்திரையில் மோசடி எதுவுமில்லை, அசல் முத்திரைதான். ஒருவேளை அவர்கள் நேர்மையை மட்டும் நம்பி, எங்கள் தொழில் நடிப்பு என்று அலுவலகத்தில் எழுதச் சொல்லியிருந்தால் வேலையற்றோர் பட்டியலில் சேர்ந்து ஊரைவிட்டே அனுப்பப்பட்டிருப்பார்கள். இந்த நாடகமும் பிறந்திருக்காது. பொய்யான பதிவு ஒன்றின் நிழலில்தான் இந்தக் கலை உயிர்வாழ முடிந்தது.

நாடகத்தின் முதல் பகுதியைச் சிலர் வெறும் முன்னுரையாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நியூ பிரைட்டன் குடியிருப்பில் புகைப்பட நிலையம் நடத்தும் ஸ்டைல்ஸ் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே நம்மோடு பேசத் தொடங்குகிறார். முன்பு ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கானியே ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பதால் அந்தப் பேச்சில் எண்ணெய்ப் பிசுக்கும் இயந்திர ஓசையும் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து முதலாளி இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பார்வையிட வருகிறார் என்றதும் தொழிற்சாலை முழுவதும் கழுவப்படுகிறது. தொழிலாளிகளுக்குப் புது உடுப்பு வருகிறது. தரையில் பாதுகாப்புக் கோடு வரையப்படுகிறது. சிரித்த முகத்தோடு பாடிக்கொண்டே வேலை செய்யுங்கள் என்று உத்தரவு பிறக்கிறது. அந்த உத்தரவுகளை மொழிபெயர்க்கும் பொறுப்பு ஸ்டைல்ஸுக்கு. அவர் மொழிபெயர்க்கும்போது அதிகாரியின் அறியாமையையும் சேர்த்தே சக தொழிலாளிகளுக்குப் பரிமாறுகிறார். முதலாளி வருகிறார், சில அடி நடக்கிறார், போய்விடுகிறார். அதன்பின் இழந்த நேரத்தை ஈடுகட்ட இயந்திரம் முன்பைவிட வேகமாக ஓடுகிறது. பார்வையாளர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கும் இந்தக் காட்சி ஒன்றை நிலைநாட்டிவிடுகிறது. பெரிய நிறுவனம் ஒருநாள் போட்டுக்கொண்ட வேஷத்தை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. அதை நிர்வாகம் என்றார்கள்.

அந்த வேலையை உதறிவிட்டு ஸ்டைல்ஸ் திறக்கும் புகைப்பட நிலையத்திலும் வேஷம்தான் நடக்கிறது. கையில் கொடுக்கும் சுருட்டுக் குழாய், பின்னால் தொங்கும் வருங்கால நகரத்தின் திரைச்சீலை, வாடிக்கையாளர் வாழ்நாளில் உட்காராத தோரணை எல்லாம் ஜோடனை. ஆனால் இந்த ஜோடனையை விரும்பிக் கேட்பவர் படத்தில் இருப்பவரே. தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இருபத்தேழு பேரைக் கூட்டிவந்து ஒரே படம் எடுத்துக்கொள்ளும் முதியவர் அதன் பிரதி கைக்கு வருமுன்பே இறந்துவிடுகிறார். சிலையும் கல்வெட்டும் வைக்கப்படாத மக்கள் தங்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ளும் இடம் இது என்று ஸ்டைல்ஸ் உணர்கிறார். அடையாளப் புத்தகத்துக்காக எடுக்கும் படமும் இங்கே எடுக்கும் படமும் ஒரே காமிராவில் பிறக்கக் கூடியவை. முன்னது ஒருவர் மற்றவர் கண்ணில் எப்படி இருக்க வேண்டும் என்ற கட்டளைக்குப் பணிந்தது. பின்னது, வீட்டிலிருப்பவர்கள் தன்னை எப்படி நினைக்க வேண்டும் என்ற ஆசைக்கு உருவம் தந்தது. ராபர்ட் ஸ்வெலின்சிமா என்ற பெயரைச் சற்றுத் தயங்கிச் சொல்லிக்கொண்டு, மனைவிக்கு அனுப்பப் படம் எடுக்க வருபவர் சிஸ்வே என்பது இப்போது புரியும். அந்தப் படத்தில் பெயர் பொய், சிரிப்பு அவருடையது, அனுப்பப்படும் முகவரி அவருடையது. சிஸ்வேயின் கதை முழுவதும் அந்தப் படம் எடுக்கும் தருணத்திலிருந்து பின்னோக்கி விரிவது தற்செயல் அல்ல.

புத்தகத்தை மாற்றும் இரவில் சிஸ்வேயும் நண்பர் பண்டுவும் நடத்தும் வாக்குவாதம் இருபதாம் நூற்றாண்டு நாடகத்தின் மிகச் சிறந்த உரையாடல்களில் ஒன்று. எனக்கு என் பெயர் வேண்டும், செத்தவன் பெயரில் ஆவியாக வாழ மாட்டேன் என்கிறார் சிஸ்வே. பண்டு விடவில்லை. வளர்ந்த ஆணைத் தெருவில் ஒரு வெள்ளைச் சிறுவன்கூட வாய்க்கு வந்த பெயரால் கூப்பிடுகிறான். அதிகாரிக்கு நீ ஓர் எண். அப்படிப் பார்க்கும்போது நீ ஏற்கெனவே ஆவிதானே என்று கேட்கிறார். தனக்கு வேண்டியது பிள்ளைகளுக்குச் சோறும் குளிருக்குப் போர்வையும். அவற்றைத் தராத பெயரின் பெருமையால் என்ன பயன் என்று வெடிக்கிறார். இதைக் கேட்கும் பலர் பண்டுவே நாடகத்தின் குரல் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வாக்குவாதத்துக்குச் சற்று முன்னால், மதுக்கடையிலிருந்து வெளியே வந்த சிஸ்வே தன் உடைகளைக் களைந்து நின்று, நான் மனிதன் இல்லையா என்று பார்வையாளர்களிடமே கேட்டிருக்கிறார். கண் இருக்கிறது, காது இருக்கிறது, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்ற கேள்வி அது. பெயரைவிட ஆழமான ஒன்றைப் பற்றி அவர் பேசிவிட்டார். பெயர்மீது அவருக்கிருக்கும் பிடிவாதம் வீண் பெருமையும் அல்ல. தகப்பன் வைத்த பெயர், ஊரார் அழைத்த பெயர், மனைவி கூப்பிடும் பெயர் அது. அரசு அச்சிட்டதால் மட்டும் அது அரசின் சொத்தாகிவிடவில்லை.

ஆகவே பெயரை விட்டுக்கொடுப்பதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று வாதிட எனக்கு மனமில்லை. நாடகமும் அப்படிச் சொல்லவில்லை. புது எண்ணை மனப்பாடம் செய்யும் காட்சியைப் பாருங்கள். பண்டு சில நேரம் போலீஸ்காரராகிறார், சில நேரம் சம்பளம் கொடுக்கும் அதிகாரியாகிறார், சட்டென்று பெயரைக் கேட்கிறார். சிஸ்வே தடுமாறுகிறார், மறுபடி சொல்கிறார், மறுபடி மறுபடி சொல்லி, கடைசியில் எண் நாவில் சரளமாக வருகிறது. ஒரு மனிதர் தன்னைத் தானே மறக்கப் பயிற்சி எடுப்பதைப் பார்க்கிறோம். மனைவியின் நிலை என்ன என்ற கேள்விக்கு, அவள் ராபர்ட்டை மறுமணம் செய்துகொள்ளட்டும் என்பது பண்டுவின் பதில். எத்தனை நாளைக்கு இது தாங்கும் என்றும் சிஸ்வே கேட்கிறார். வம்பில் மாட்டாதவரைக்கும் தாங்கும். மாட்டினால் கைரேகை தலைநகருக்குப் போகும், செத்த சிஸ்வே அங்கே உயிர்த்தெழுவார். கறுப்புத் தோலோடு பிறந்தவர் எப்படி வம்பில் மாட்டாமல் இருப்பது என்று அவர் திருப்பிக் கேட்கும்போது, வெற்றிக் கதை என்று பெயர் சூட்டியவர்களுக்கு நாடகமே மறுப்புச் சொல்லிவிடுகிறது. இழப்பு உண்மை. அந்த இழப்புக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவதுதான் தவறு. தன் பெயரோடு பிழைக்கும் வழியை ஒருவருக்கு அடைத்துவிட்டு, நீ ஏன் உன் பெயரைக் காப்பாற்றவில்லை என்று கேட்பது, வழியை அடைத்தவரைக் கேள்வியிலிருந்து தப்பவிடுவதாகும்.

அரசியல் நோக்கிலிருந்து ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. சட்டம் அநீதி என்றால் அதை வெளிப்படையாக மீற வேண்டும்; திருட்டுத்தனமாகச் சமாளிப்பது அடிமைத்தனத்தை நீட்டிப்பதே என்பது அந்த ஆட்சேபம். இதைத் தமிழர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் அதே மண்ணில் அடையாளச் சீட்டுக்கு எதிராக நடந்த முதல் பெரும் அறப்போரில் தமிழர்களின் பங்கு பெரிது. ஆசியர்கள் கைரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற டிரான்ஸ்வால் சட்டத்தை எதிர்க்கும் உறுதிமொழி 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நாடக அரங்கில்தான் எடுக்கப்பட்டது. 1908 ஆகஸ்ட் 16 அன்று அதே நகரின் ஹமீதியா மசூதி வளாகத்தில் காந்தியின் தலைமையில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகள் எரிக்கப்பட்டன. தம்பி நாயுடு போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சிறை சென்றார்கள். அந்தப் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் கூட்டமாக எரித்தார்கள். பின்னால் ஓர் இயக்கமும் சங்கமும் பத்திரிகையும் இருந்தன. கறுப்பின மக்களும் இந்த வழியை முயலாமல் இல்லை. 1952இல் சட்ட மறுப்பு இயக்கம் போர்ட் எலிசபெத்தில் தொடங்கியதே இந்த நியூ பிரைட்டன் ரயில் நிலையத்தில், வெள்ளையருக்கான வாயில் வழியாகத் தொண்டர்கள் நுழைந்தபோதுதான். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் மக்கள் புத்தகமில்லாமல் காவல் நிலையத்தின் முன் திரண்டு, எங்களைக் கைது செய்யுங்கள் என்றார்கள். போலீசின் துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் இறந்ததாக அரசே கணக்குச் சொன்னது. சில வாரங்களில் இயக்கங்கள் தடைசெய்யப்பட்டன. சிஸ்வேயின் கதை நடப்பது அதற்குப் பின்னால், தலைவர்கள் சிறைத்தீவில் இருந்த காலத்தில். இயக்கம் நசுக்கப்பட்ட காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒற்றை மனிதரிடம் போய் உன் புத்தகத்தை எரி என்று சொல்ல நமக்குத் தகுதி உண்டா?

அதோடு, இந்த நாடகம் யாரையும் சமாளித்துக்கொண்டு போகச் சொல்லி அனுப்பவும் இல்லை. நியூ பிரைட்டனில் அது நடிக்கப்பட்டபோது, புத்தகத்தை மாற்றும் கட்டத்தில் பார்வையாளர்கள் குரலெழுப்பி ஒருவரோடொருவர் வாதிடத் தொடங்கியதை ஃபூகார்ட் பதிவு செய்திருக்கிறார். வேண்டாம், மாட்டிக்கொள்வாய் என்று எச்சரித்தவர்களும் இருந்தார்கள், துணிந்து செய் என்றவர்களும் இருந்தார்கள். தங்கள் சட்டைப் பையிலேயே அந்தப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், வெளியே முணுமுணுக்கவும் அஞ்சிய விஷயத்தை ஒரு மண்டபத்தில் கூடி உரக்க விவாதித்தார்கள் என்றால், அது சட்டத்தின் மீது அவர்கள் நடத்திய விசாரணை. அரசுக்கும் அது புரிந்திருந்தது. 1976இல் டிரான்ஸ்கெய் பகுதியில் இந்த நாடகத்தை நடித்த பிறகு கானியும் இன்ட்ஷோனாவும் கைது செய்யப்பட்டார்கள். வெளிநாடுகளில் கண்டனம் எழுந்த பிறகே விடுதலையானார்கள். பணிந்து போகச் சொல்லும் கலைக்காக எந்த ஆட்சியும் நடிகர்களைச் சிறையில் தள்ளியதில்லை.

வெள்ளையர் ஒருவரின் பெயர் முன்னால் நிற்கும் நாடகம் கறுப்பின அனுபவத்தின் அசல் குரலாக முடியுமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஃபூகார்டின் புகழ் மற்ற இருவரின் பங்கை நெடுங்காலம் மறைத்தது உண்மை. கானியும் இன்ட்ஷோனாவும் பெற்ற நடிப்பு விருதுகள் மட்டும் அந்த அநீதியைச் சரிசெய்துவிடாது, அவர்கள் ஆசிரியர்களும்கூட. ஆனால் இதிலிருந்து நாடகமே போலி என்ற முடிவுக்குப் போவது, இரத்தத்தை வைத்து மனிதரைப் பெட்டியில் அடைத்த அதே தர்க்கத்தைக் கலைக்குள் கொண்டுவருவதாகும். ஒரு படைப்பு அசலானது என்பதற்கு, அதன் உழைப்பும் அறிவும் எங்கிருந்து வந்தன என்பதையும், அந்த வாழ்க்கையை வாழ்பவர்கள் அதைத் தங்களுடையதென்று ஏற்கிறார்களா என்பதையும் பார்ப்பதே நேர்மையான அளவுகோல். நியூ பிரைட்டன் மண்டபம் அந்தச் சோதனையை நடத்திவிட்டது.

நம் ஊர் வாசகருக்கு இன்னொரு சந்தேகம் வரும். இந்த வாதத்தை ஏற்றால், இடஒதுக்கீட்டுக்காகப் போலிச் சாதிச் சான்றிதழ் வாங்குபவரையும் மன்னிக்க வேண்டியதுதானா? இல்லை. சிஸ்வேயை நியாயப்படுத்துவது, ஆவணங்களெல்லாம் பொய் என்ற பொதுக் கோட்பாடு அல்ல. அவருக்கு இயல்பாக உரிய ஒன்று, அதாவது உழைத்துச் சம்பாதிக்கும் உரிமை, அவரிடமிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பொய் தேவைப்பட்டது. போலிச் சான்றிதழ்க்காரர் தனக்கு உரியதல்லாத, காலங்காலமாக மறுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தை எடுத்துக்கொள்கிறார். சிஸ்வே தன்னைச் சுமையாக அழுத்தும் அடையாளத்திலிருந்து தப்புகிறார். இவரோ அடுத்தவர் சுமந்த அடையாளத்தின் பலனை மட்டும் கவர்கிறார். ஒரே செயல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் கொள்வதற்குக் காரணம், பொய்யின் விலையை யார் கொடுக்கிறார் என்பதுதான். இதே காரணத்தால்தான் அந்தப் புத்தகச் சட்டங்கள் 1986இல் ஒழிந்த பின்னும் நாடகம் ஒழியவில்லை. 2006இல் பீட்டர் புரூக் பிரெஞ்சு மொழியில் அதை மேடையேற்றியபோது, ஆவணமில்லாமல் ஐரோப்பாவில் ஒளிந்து வாழும் குடியேறிகளின் கதையாகவும் அது ஒலித்தது. எல்லைகளில் இன்று கேட்கப்படும் முதல் கேள்வி உன் தாள் எங்கே என்பது. தாளை மறுக்கும் நாடே தாளில்லாதவரை ஏமாற்றுக்காரர் என்று அழைக்கிறது.

கடைசியாக, எனக்கே எளிதில் பதில் கிடைக்காத ஆட்சேபம் ஒன்று. ராபர்ட் ஸ்வெலின்சிமாவுக்கு என்ன நியாயம்? அவருக்கும் எங்கோ உற்றார் இருப்பார்கள். அவர் இறந்த செய்தி அவர்களுக்கு எட்டாது. பிணத்தின் மேல் வேறொருவரின் பெயர் எழுதப்படும். சிஸ்வே அரசிடமிருந்து மட்டும் எடுக்கவில்லை, தன்னைப் போன்ற ஓர் ஏழையிடமிருந்தும் எடுத்திருக்கிறார். வெற்றி என்று கொண்டாடுபவர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. நாடகம் தொடுகிறது. அந்த இரவில் பிணத்தைக் கண்டதும் பண்டு அங்கிருந்து ஓடிவிடத்தான் பார்க்கிறார். கறுப்பர் இருவர் பிணத்தருகே பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். தடுப்பவர் சிஸ்வே. நான் இப்படிக் கிடந்தால் என்னையும் விட்டுவிட்டுப் போவாயா என்று கேட்கிறார். முகவரி பார்த்து அவரை வீடு சேர்க்கத்தான் புத்தகமே எடுக்கப்படுகிறது. முகவரி தனியாட்கள் தங்கும் விடுதியைக் காட்டுகிறது. அந்த நேரத்தில் அங்கே போவது உயிருக்கு ஆபத்து என்பதால் பிணம் கிடந்த இடத்திலேயே விடப்படுகிறது. புத்தகத்தை மாற்றும் யோசனை பண்டுவுக்கு வருவது அதற்குப் பிறகுதான். எந்த ஆவணமும் கேட்காமல், பெயர் தெரியாத ஒருவரை மனிதர் என்று அடையாளம் கண்டவர் அந்த நாடகத்தில் சிஸ்வே ஒருவரே. பிறகு அந்த மனிதரின் பெயரை எடுத்துக்கொள்பவரும் அவரே. இந்த இரண்டையும் ஒன்றால் ஒன்றை அழித்துவிட நான் விரும்பவில்லை. செய்தது பிழை என்று அவருக்குத் தெரியும். வேறு வழி விடப்படவில்லை என்பதும் தெரியும். தீர்ப்பு எழுதுகிறவர்கள் முதலில் அந்த முத்திரையைக் குத்திய கையைக் கூண்டில் ஏற்றட்டும். ராபர்ட்டின் உறவினர்களுக்கு வர வேண்டிய பதிலும் அந்தக் கையிடமிருந்தே வர வேண்டும்.